இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இரத்தச் சோகை வருமா?

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாளை மனத்தில் எண்ணிக்கொள்வோம். மூன்று ஆண்டுகளாக அவர் இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அண்மைக் காலமாக ஒரு வரிசைச் செடியை முடிப்பதற்குள் மேல்மூச்சு வாங்குகிறது, நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. "இந்த மாத்திரைதான் உடம்பை அடிச்சுப் போட்டுட்டு" என்று சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பக்கத்து வரிசையில் நிற்கும் பெண், "ஒரு தடவை ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க மதினி, ரத்தம் கொறஞ்சிருக்கும்" என்கிறாள். அதற்கு அம்மாள் சொல்லும் விடை: "எனக்குத்தான் ரத்தக் கொதிப்பாச்சே, ரத்தம் எப்பிடிக் கொறையும்?"

இக்கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட வேண்டாம். படித்தவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கொதிப்பு என்றால் உடலில் இரத்தம் மிகுதி என்றும், சோகை என்றால் இரத்த அழுத்தம் குறைவு என்றும் எண்ணுகிறார்கள். இரண்டும் தவறு. இத்தவறு சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

வெள்ளமும் வண்டலும்

வைப்பாற்றில் வெள்ளம் வருகிறது. அவ்வெள்ளம் கரையை மோதும் விசை வேறு; அது சுமந்து வரும் வண்டலின் அளவு வேறு. கலங்கல் இல்லாத தெளிந்த நீரும் கரையை உடைக்கலாம். வண்டல் நிறைந்த நீர் அமைதியாகவும் ஓடலாம்.

இரத்தமும் அப்படித்தான். இரத்தக் குழாய்களின் சுவரை இரத்தம் அழுத்தும் விசையே இரத்த அழுத்தம். 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி கைப்பட்டையுடன் கூடிய அழுத்தமானியை அமைத்தார். 1905-இல் ருஷ்ய மருத்துவர் கொரட்கோவ், குழாயில் எழும் ஒலியைக் கேட்டு அழுத்தத்தை அளக்கும் முறையைச் சொன்னார். அம்முறையில் மேல் அளவு 140, கீழ் அளவு 90 மில்லிமீட்டர் பாதரசம் அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காணப்பட்டால் அது மிகை அழுத்தம்.

இரத்தச் சோகையோ, சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளின் குறைவு. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சித்த மருத்துவத்தில் இதனைப் 'பாண்டு' என்பர்.

ஒன்று விசையின் கணக்கு. மற்றொன்று சரக்கின் கணக்கு. ஆகவே இரண்டு கோளாறுகளும் ஒரே உடலில் சேர்ந்து இருப்பதற்குத் தடையேதும் இல்லை. சேர்ந்து இருப்பதற்குக் காரணங்கள்தாம் உண்டு. அவற்றைப் பார்ப்போம்.

சிறுநீரகம் அனுப்பும் கட்டளை

சிறுநீரகம் கழிவை வடிகட்டும் உறுப்பு என்பதை அனைவரும் அறிவோம். அது செய்யும் மற்றொரு வேலை பலருக்குத் தெரியாது. இரத்தம் உற்பத்தி செய்ய உத்தரவிடுவதும் அதுவே!

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். மடிந்தவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய அணுக்களை ஆக்குகிறது. எவ்வளவு ஆக்க வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்வது எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோன். பெரியவர்களின் உடலில் இதன் பெரும்பகுதி சிறுநீரகத்திலேயே சுரக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து இந்த ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும்.

இந்த ஹார்மோனைப் பிடிக்க அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அமெரிக்காவின் யூஜின் கோல்ட்வாசர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதைத் தேடினார். ஜப்பானிய மருத்துவர் மியாகே, கடுஞ்சோகை நோயாளிகளின் சிறுநீர் 2,550 லிட்டரைச் சேகரித்துக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து 1977-இல் கிடைத்த தூய ஹார்மோன் சில மில்லிகிராம்தான்! அச்சிறு அளவே பின்னர் மரபணுவைக் கண்டறியவும், 1989-இல் ஊசி மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெறவும் வழி திறந்தது. உடலின் செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது கொதிப்புக்கு வருவோம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கு வருகிறது. ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தோடு இரத்தம் பாய்ந்தால் நுண்குழாய்கள் தடித்து, வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. வலி இராது. ஆனால் கட்டளை அனுப்பும் ஆற்றல் குறையும், மஜ்ஜை சோம்பும், சோகை தலைகாட்டும். நலிந்த சிறுநீரகம் தன் பங்குக்கு அழுத்தத்தை இன்னும் கூட்டும். கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுக்க, சிறுநீரகம் கொதிப்பை வளர்க்க, சோகை இடையில் புகுகிறது. சிறுநீரக நோயாளிகளின் வெளிறிய நிறத்தை ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் 1836-லேயே குறிப்பிட்டிருக்கிறார்.

வெப்பமும் வலி மாத்திரையும்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்குத் தெற்கு வரை இக்கடற்கரையில் உப்பளங்கள் பரந்துள்ளன. வெண்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் நாள் முழுதும் வேலை. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஆய்வாளர்கள் சோதித்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கரிசல் காட்டு வேலைக்கும், சீமைக் கருவேலங்கட்டையைச் சுடும் கரிமூட்ட வேலைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நீர் அருந்தாமல் வேர்வை சிந்துவது சிறுநீரகத்தை வாட்டுவதாகும்.

மாலையில் உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது பலருக்கு வழக்கமாகிவிட்டது. இவ்வகை வலி மாத்திரைகளில் பல, ஒரே நேரத்தில் மூன்று தீங்குகளைச் செய்யவல்லவை. அவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தை நலிவிக்கும், இரைப்பையில் புண்ணாக்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசியவிடும். கொதிப்பு உள்ளவர் மருத்துவர் சொல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

இரும்புக் குறைவு

எல்லாச் சோகைக்கும் சிறுநீரகம் காரணமன்று. நம் நாட்டில் சோகைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று இரும்புச் சத்துக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருந்தது. இந்திய ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு இருந்தது. கொதிப்பும் நம்மிடையே மிகுந்துவிட்டதால், இரண்டும் ஒருவரிடமே சந்திப்பது வியப்பன்று.

மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இரும்புக் குறைவு கண்டால், எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். மூலம், குடற்புண், வெறுங்காலில் மண்ணில் நடப்போரைப் பற்றும் கொக்கிப் புழு, அரிதாகக் குடற் புற்றுநோய் ஆகியவை காரணமாகலாம். இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுவோரும் கவனமாக இருக்க வேண்டும். கொதிப்புக்குத் தரும் சில மருந்துகளும் ஹீமோகுளோபினைச் சற்றே குறைக்கக்கூடும். அதற்காக மருந்தை நிறுத்துவது தவறு. மருத்துவரிடம் கேட்பதே முறை.

பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய உயிர்ச்சத்துகளின் குறைவும் உண்டு. ஃபோலிக் அமிலத்தின் கதையில் நமக்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், 1928 முதல் பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாற்றால் அது தீர்வதைக் கண்டார். அச்சத்தை 1940-களில் ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கிய குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இதயத்தின் கணக்கு

மாணவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 15 கிராம் உள்ளவரின் நூறு மில்லிலிட்டர் இரத்தம் 20 மில்லிலிட்டர் சுமக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைத்தால் 1,000 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உடலுக்குக் கிடைக்கும். ஓய்வாக இருக்கையில் செலவு 250 மட்டுமே. ஆகவே தாராளம்.

ஹீமோகுளோபின் 8 கிராமாகக் குறைந்தவருக்கு அதே இறைப்பில் கிடைப்பது சுமார் 535 மில்லிலிட்டர். படுத்திருந்தால் போதும். மூட்டை தூக்கும்போது தேவை நான்கு மடங்காகி 1,000-ஐத் தொட்டால்? இதயம் இரண்டு மடங்குக்கு மேல் இறைக்க வேண்டும். மேல்மூச்சும் படபடப்பும் இதனால்தான்.

கொதிப்பு உள்ளவரின் இதயம் ஏற்கெனவே உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து இறைத்து இறைத்துச் சுவர் தடித்துப் போயிருக்கும். தடித்த தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். வருகின்ற இரத்தத்திலோ அது குறைவு. பாரம் ஏற்றிய மாட்டுக்குத் தீனியைக் குறைத்தது போன்ற நிலை இது. நாளடைவில் இதயம் தளர்ந்து, காலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும்.

நம் அம்மாள் கொதிப்பு மாத்திரையை நிறுத்தியதன் விளைவை இப்போது உணரலாம். அழுத்தம் ஏறும், சோகையோ அப்படியே இருக்கும். இரு சுமையும் இதயத்தின் மேல்தான்.

செய்ய வேண்டியவை

கொதிப்புக்கு மருந்து சாப்பிடுவோர் ஹீமோகுளோபின், இரத்த கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய மூன்றையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்த்துக்கொள்வது நல்லது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். சோர்வும் மூச்சு வாங்கலும் இருந்தால் அவர்களிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இரும்பு மாத்திரை இரத்தத்தைப் பெருக்கிக் கொதிப்பை ஏற்றிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரும்புக் குறைவுக்கு மருத்துவர் தரும் மாத்திரையைப் பற்றி அந்த அச்சம் வேண்டாம். மலம் கறுப்பது இயல்பு. தேநீரும் காப்பியும் இரும்பு உட்கவர்வதைத் தடுக்கும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் உதவும். கம்பும் கீரையும் பயறும் நல்லவையே. ஆனால் அவற்றிலுள்ள இரும்பில் சிறு பங்கே உடலில் சேரும் என்பதால், முற்றிய சோகையை உணவால் மட்டும் தீர்க்க இயலாது.

சிறுநீரகச் சோகைக்குத் தரும் ஹார்மோன் ஊசி அழுத்தத்தை ஏற்றக்கூடியது. ஹீமோகுளோபினை அளவு மீறி உயர்த்தினால் பக்கவாத ஆபத்து கூடுவதை 2009-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே அது மருத்துவர் கண்காணிப்பிலேயே தரப்பட வேண்டும்.

இறுதியாக, உப்பு. தமிழ்நாடு உப்புக் கழகம் அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பைத் தயாரிக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் இரும்பு கிடைக்கிறதே என்று உப்பைக் கூட்டிவிடக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்ற வரம்பு எந்த உப்புக்கும் பொருந்தும். கருவாடும் ஊறுகாயும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

மிளகாய்க் காட்டில் அந்தப் பெண் மதினிக்குச் சொன்ன யோசனை சரியானது. ஒரு சொட்டு இரத்தம், சில நிமிட நேரம். இதயத்தின் மேல் ஏறியிருப்பது ஒரு சுமையா, இரண்டா என்பது தெரிந்துவிடும்.