லிட்டருக்கு 6 பைசா அபராதம்... நொய்யல் விவசாயிகள் வழக்கில் திருப்பூர் நின்ற கதை!

2011 ஜனவரி 28. திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னாலே போதும், மீதிக் கதையை அவர்களே சொல்லிவிடுவார்கள். திருப்பூரின் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள் அத்தனையையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் அன்றுதான் உத்தரவிட்டது. மின் இணைப்பையும் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்!

ஒரு டி-ஷர்ட் நிட்டிங்கில் தொடங்கி சாயம், கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என்று பல கை மாறித்தான் பெட்டிக்குள் போகும். நடுவில் இருக்கும் சாயம் நின்றால் அதற்கு முன்னால் இருப்பதும் நிற்கும், பின்னால் இருப்பதும் நிற்கும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஊர் இப்படித்தான் திகைத்து நின்றது.

இத்தனை பெரிய தொழிலை நிறுத்தியவர்கள் போட்டி நாட்டுக்காரர்கள் இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, சூலூர், திருப்பூர் எல்லாம் தாண்டி கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992ல் திறக்கப்பட்ட அணை அது. சுமார் 20,000 ஏக்கர் பாசனம் பெறும் என்பது கணக்கு. ஆனால், திருப்பூரின் ஏற்றுமதி வேகமெடுத்ததும் அதே காலத்தில்தான். தேங்கியது மழைநீரைவிடச் சாயக்கழிவுதான். தண்ணீருக்காகக் கட்டிய அணையில், 'தயவுசெய்து தண்ணீர் திறக்காதீர்கள்' என்று ஆயக்கட்டு விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாகின. தென்னை காய்ந்தது. மாடு வாய் வைக்காத தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன விவசாயம் செய்ய முடியும்?

கெடுத்தது நிறம் மட்டுமல்ல. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும், அதுவும் கிலோ கணக்கில். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. அலசும் தண்ணீரோடு உப்பு முழுக்க வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிறத்தைக் குறைக்கலாம், நாற்றத்தைக் குறைக்கலாம், கரைந்த உப்பு அப்படியேதான் இருக்கும். ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிய பிறகும் ஆறு உப்புக் கரித்ததற்குக் காரணம் இதுதான். 'நாங்கதான் பிளான்ட் போட்டுட்டோமே' என்று பட்டறைக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால், அந்த பிளான்ட்டால் உப்பை எடுக்க முடியவில்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. ஊருக்குள் இது எளிதான காரியமாக இருந்திருக்காது. பட்டறை முதலாளிகளில் பலர் ஒரு தலைமுறைக்கு முன்புவரை மண்வெட்டி பிடித்த குடும்பங்களில் இருந்து வந்தவர்கள். ஒரே சொந்தபந்தத்தில் ஒரு பக்கம் பட்டறை, இன்னொரு பக்கம் தோட்டம்.

68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சூழலியல் இழப்பீட்டு ஆணையம் கணக்கெடுத்தது. நிர்ணயித்த இழப்பீடு சுமார் 24.8 கோடி ரூபாய். கேட்கப் பெரிய தொகைதான். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வராது. ஒரு தோட்டத்தின் விலை அதுவா?

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கடுமை காட்டியது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட ஆற்றுக்குப் போகக் கூடாது, அதற்கான கருவிகளை அமைக்கும்வரை லிட்டருக்கு 6 பைசா அபராதம், நாளாக ஆக 8 பைசா, 10 பைசா. தினம் ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு 6 பைசா என்றால் நாளுக்கு 6,000 ரூபாய். பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படியும் முழுதாக நிற்கவில்லை. அதனால்தான் 2011ல் மொத்தமாகப் பூட்டு.

தொழில் ஓடி ஓடி வளர்ந்த ஊர்கள் பலவற்றில் இப்படி ஒரு கட்டம் வந்திருக்கிறது. அமெரிக்க வரலாற்றில் 'முற்போக்கு யுகம்' என்று சொல்லப்படும் காலம் அது. 1906ல் அப்டன் சின்க்ளேர், சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்வதுதான் அவர் நோக்கம். படித்த அமெரிக்கர்கள் பதறியதோ தங்கள் தட்டில் இருந்த இறைச்சியை நினைத்து. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதிகாரிகளை அனுப்பி விசாரித்தார். அதே ஆண்டு ஜூன் 30ல் இறைச்சிச் சோதனைக்கும் உணவு, மருந்துத் தூய்மைக்கும் சட்டங்கள் வந்தன. பெரிய கம்பெனிகளுக்கு அரசு முத்திரை ஏற்றுமதிக்கான நற்சான்றிதழாகவே ஆகிவிட்டது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. சட்டம் இறைச்சிக்கு வந்த வேகத்தில், அதை வெட்டியவர்களுக்கு வரவில்லை.

திருப்பூரிலும் ஏறக்குறைய அதுதான். வழக்கில் எதிரெதிரே நின்றவர்கள் விவசாயிகளும் பட்டறை உரிமையாளர்களும். சாயத்தொட்டி அருகே நின்று வேலை பார்த்தவர்களும், பட்டறை மூடியதால் தையல் மெஷினை விட்டு ஊருக்கு மூட்டை கட்டியவர்களும் அந்தத் தீர்ப்பின் மையத்தில் இல்லை.

பட்டறைகள் பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்தன. தமிழக அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. இன்று கழிவுநீர் பல கட்டமாக ஆர்.ஓ. சவ்வுகள் வழியே போகிறது. நல்ல தண்ணீர் மறுபடி பட்டறைக்கே வருகிறது. மிஞ்சும் உப்புநீரில் ஒரு பகுதியைச் சாயத்துக்கே திரும்பப் பயன்படுத்துகிறார்கள், மற்றதைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டைத் தொழில் நகரம் முழுக்கச் செய்துகாட்டியது சாதாரண விஷயமில்லை. அன்று வேப்பங்காயாகக் கசந்த அதே தீர்ப்புதான் இன்று வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகச் சொல்லும் விளம்பரம்.

செலவு? கரன்ட்டும் விறகும் ஆவியாக்கியும் சேர்ந்து சாயக்கூலியை ஏற்றிவிட்டன. ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைக்கும் சின்னப் பட்டறைக்கும் சொந்த நிலையம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கும் இந்தச் சுமை ஒன்றல்ல. டி-ஷர்ட்டை வாங்கும் வெளிநாட்டு பிராண்ட் கூடுதலாக எத்தனை பைசா தருகிறது என்ற பேச்சு ஒவ்வொரு ஆர்டரிலும் வந்து, பெரும்பாலும் அப்படியே அமுங்கிவிடுகிறது.

தண்ணீரைப் பிரித்த பிறகு, ஒன்றுக்கும் உதவாத கலப்பு உப்பும் கசடும் மிஞ்சும். அதை ஆற்றில் விட முடியாது, நிலத்தில் கொட்ட முடியாது, வாங்கவும் ஆளில்லை. மழை படாமல் மூட்டை கட்டி, சுத்திகரிப்பு நிலையங்களின் கூரைக்கடியில் அடுக்குகிறார்கள்.