ஆயத்தம் முதலா, வேலை முதலா?

"எங்களுக்குப் பின் இவனுக்கு யார்?" என்னும் வினா, வளர்ச்சிசார் குறைபாடுடைய பிள்ளையைப் பெற்ற தாய் தந்தையர் நெஞ்சில் ஓயாது எழுவதாகும். பள்ளிப் பருவம் வரை அப்பிள்ளை சென்றுவர ஏதேனும் ஓரிடம் இருக்கக்கூடும். இளமைப் பருவம் எய்தியபின் அவனுடைய உலகம் வீட்டுத் திண்ணையளவில் சுருங்கிவிடுகிறது. அவனுக்கும் ஒரு வேலை, அவ்வேலைக்கு நேரிய ஊதியம் என்பது இயலுமா? அமெரிக்க நாடு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு நாம் அறியத்தக்கது.

22 வயதிற்கு முன் தோன்றி, நெடுங்காலம் நீடித்து, கற்றல், மொழி, நடமாட்டம், தன்னைப் பேணிக்கொள்ளல் முதலியவற்றுள் மூன்றிலேனும் பெருந்தடை விளைவிப்பதை அந்நாட்டுச் சட்டம் வளர்ச்சிசார் குறைபாடு என்கிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றால் இந்நிலை எய்துவோர் பலர்.

இத்தகையோருக்கெனத் தனித் தொழிற்கூடங்கள் அந்நாட்டில் பல்கிப் பெருகின. 1938 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், உடற்குறையோ உளக்குறையோ உடையோருக்குக் குறைந்தபட்சக் கூலியினும் தாழ்ந்த கூலி தர இசைவளித்தது. 'முதலில் இங்கே பழகி ஆயத்தமாகட்டும். பின்னர் வெளியே வேலைக்குச் செல்லட்டும்' என்பதே அக்கூடங்களின் கொள்கை. ஆயின் அந்த ஆயத்த நாள் பலருக்கு வரவேயில்லை. உறையிடுதல், பொருள்களைப் பிரித்து வைத்தல் போன்ற பணிகளிலேயே ஆண்டுகள் பல கழிந்தன.

இந்நிலையில் மார்க் கோல்டு என்னும் ஆசிரியர் ஓர் உண்மையை மெய்ப்பித்தார். கற்க இயலாதவர் எனக் கருதப்பட்டோருக்கு, 15 உறுப்புகள் கொண்ட மிதிவண்டித் தடைக்கருவியைப் பூட்டக் கற்பித்து, அதன் முடிவுகளை 1972 இல் வெளியிட்டார். பணியைச் சிறுசிறு படிகளாகப் பகுத்தார். உறுப்புகளை எப்பக்கமாக வைப்பது என்பதைச் சிலருக்கு வண்ணத்தால் உணர்த்தினார். அவர்களும் கற்றுக்கொண்டனர். மாணவன் கற்கவில்லையெனில் கற்பிக்கும் முறையை மாற்றுக என்பதே அவர்தம் கோட்பாடு. ஆசிரியராகிய நமக்கும் இது உறைக்கத்தக்க பாடமன்றோ?

இத்தகைய பட்டறிவுகளின் பயனாக, 'துணையுடன் கூடிய வேலை' என்னும் முறை 1986 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தால் அரசு நிதியுதவி பெறும் பணியாயிற்று. இதில் வரிசை தலைகீழாகிறது. முதலில் உண்மையான வேலை, பயிற்சி அவ்வேலையிடத்திலேயே. ஒருவருடைய விருப்பமும் திறனும் முதற்கண் ஆராயப்படும். அவற்றுக்கேற்ற கடையோ அலுவலகமோ உணவகமோ தேடப்படும். பின்னர்ப் பணித்துணைவர் ஒருவர் உடன்சென்று, வேலையைப் படிப்படியாகக் கற்பிப்பார். பேருந்தில் சென்று திரும்பவும் உடன்பணிபுரிவோருடன் பழகவும் துணைநிற்பார். கற்றுத் தேறத்தேற அவர் சிறிது சிறிதாக விலகுவார். இடர் நேரின் மீண்டும் வருவார்.

இதற்காகும் செலவை யார் ஏற்பது? தொடக்கப் பயிற்சிக்குத் தொழில்வழி மறுவாழ்வுத் துறை பொறுப்பேற்கும். அத்துறைக்கான பொதுச் செலவில் 78.7 விழுக்காடு நடுவணரசினது, எஞ்சியது மாநிலத்தினது. நெடுநாள் துணைக்கு மாநில வளர்ச்சிக்குறைபாட்டுத் துறைகளும், மெடிக்கெய்டு என்னும் பொதுநலத் திட்டமும் பொருள் வழங்கும். பணித்துணைவரின் ஊதியம் பெற்றோர் தலையிலோ முதலாளி தலையிலோ விழாதிருப்பதே இவ்வேற்பாட்டின் உயிர்நாடி எனலாம்.

வெர்மாண்ட் என்னும் சிறு மாநிலம் இவ்வழியில் முன்சென்றது. 2000 ஐ அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கே தனித் தொழிற்கூடங்கள் முற்றிலும் மூடப்பட்டன. 'வெளியுலகில் என் பிள்ளை ஏமாற்றப்படுவானே, வேலை போய்விட்டால் பகலெல்லாம் எங்கே இருப்பான்?' என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைப் புறந்தள்ளல் ஆகாது. துணையின்றிக் கூடத்தை மட்டும் மூடுவது கைவிடுதலே ஆகும். துணை நிலைத்திருந்தால்தான் வேலையும் நிலைக்கும்.

நம் நாட்டில், 1995 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 3 விழுக்காட்டு வேலை ஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடுடையோருக்கு இடமில்லை. 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக்கி, அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்கு உரித்தாக்கியது. கதவு திறந்துள்ளது. ஆயினும், ஒதுக்கீடு இருக்கையைத் தருமேயன்றி, அருகிருந்து கற்பிக்கும் துணைவரைத் தானே தந்துவிடாது. அத்துணையையும் பொதுப்பணமே தாங்க வேண்டும் என்பது நாம் கற்கவேண்டிய பாடம்.

மாணவச் செல்வங்களுள் சிலரேனும் சிறப்புக் கல்வி பயின்று இப்பணிக்கு வரலாம். கடையும் தொழிலும் நடத்தும் பெரியோர்கள், 'இவனால் என்ன முடியும்?' என்று கேட்குமுன், 'இவனுக்கு யார், எவ்வாறு கற்பித்தார்கள்?' என்று கேட்கலாம். ஒருவன் தன் முதற்கூலியைத் தாயின் கையில் வைக்கும் நாளில், அவளது பழைய வினாவின் பாரம் சிறிதேனும் குறையும்.