மழை அதேதான், ஆறுதான் வேறு

2021 நவம்பரில் திருச்சானூர் அருகே சுவர்ணமுகி கரையை அரித்ததில், ஒரு மாடி வீடு அப்படியே ஆற்றுக்குள் சரிந்தது. அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு அது. தேவாரத்தில் முகலி என வரும் இந்த ஆறு சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருப்பதியை ஒட்டி ஓடி, காளத்தியைத் தொட்டுக் கடலுக்குப் போகிறது.

கார்த்திகையில் வெள்ளம், கோடையில் வறட்சி. இரண்டுக்கும் மழையை மட்டுமே குறை சொல்கிறோம். மழை விழும் நிலம் எப்படி மாறியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு வழிந்தோடும் என்று கணிக்க, அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை 1950களில் உருவாக்கிய 'வளைவு எண்' முறையை இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன்படி, ஓரளவு நீரை உறிஞ்சும் மண்ணில் நல்ல காடு இருந்தால், 100 மி.மீ. மழையில் சுமார் 13 மி.மீ.தான் வழியும். அதே இடத்தில் கான்கிரீட் போட்டால் 94 மி.மீ. ஒரு ஹெக்டேருக்கு 1.3 லட்சம் லிட்டர் எங்கே, 9.4 லட்சம் லிட்டர் எங்கே! நாள்கணக்கில் நனைந்து ஊறிய மண்ணில் காட்டிலிருந்தும் நீர் கூடுதலாக வழியும், வித்தியாசம் குறையும். 2021 மழை அப்படிப்பட்டது.

அப்படி வழிவதைத் தாங்கத்தான் ஏரிகள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து, வரத்துக்காலில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். பேரூர், அவிலாலா என்று திருப்பதியைச் சுற்றி அத்தகைய ஏரிகள் உண்டு. நகரம் வளர வளர வரத்துக்கால்கள் மனைகளாயின, சாலைகளாயின. வழி அடைபட்ட நீர் தெருவுக்குள்தான் வரும். இருக்கும் ஏரியையும் கவனிக்க வேண்டும்: அதே நவம்பரில் ராயலசெருவு ஏரியின் கரையில் நீர் கசிய, கீழேயுள்ள கிராம மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

கோடை வறட்சியின் கதை ஆற்று மணலுக்குள் இருக்கிறது. வெள்ளத்தின் ஒரு பகுதியை மணல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கசியவிடும். ஊற்றுக்கால்கள் ஓடியது அந்த நீரில்தான். மணலை அள்ளினால் சேமிப்பு போகிறது. கரையோரத்து ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை ஆற்றுப்படுகைக்கும் கீழே இறக்கிவிட்டால், ஆற்றுக்குள் ஊற வேண்டிய நீர் எதிர்த்திசையில் போய்விடும்.

அப்படியானால் மரம் நட்டால் ஆறு ஓடுமா? எந்த மரம், எங்கே என்பதைப் பொறுத்தது. நீலகிரியின் கிளென்மார்கனில் சோலையும் புல்வெளியுமாக இருந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் பாதிக்கு மேல் தைல மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடை நீரை அளந்தார்கள். முதல் சுற்றில் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். வெள்ளத்தைத் தணிக்கும் மரமே கோடை நீரையும் குடித்துவிடலாம். இதைக் கணக்கில் எடுக்காத மரம் நடும் திட்டங்கள் ஆபத்தானவை.

இது ஆந்திரத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. சித்தூர் நகருக்குள் ஓடும் நீவா, பொன்னையாற்றில் சேர்கிறது. பொன்னை ராணிப்பேட்டை மாவட்டத்தில் பாலாற்றில் கலக்கிறது. சித்தூரில் ஓர் ஏரி தூர்ந்தால், அது தாங்காத வெள்ளம் எல்லை கடந்து, தமிழ்நாட்டில் பொன்னையாற்றின் மேலுள்ள திருவலம் பாலத்தைத்தான் மோதும்.