பாட்டுக்குத் துணை படம்

பாட்டு காதுக்கு, படம் கண்ணுக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நம் முன்னோர் அப்படிப் பிரிக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோயிலில், திருப்பதிகம் பாடுவதற்கென்றே 48 பேரை இராசராச சோழன் அமர்த்தினான். உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல். அவர்களுடைய பெயர்களை இன்றும் கல்வெட்டில் காணலாம்.

அதே கோயிலில், கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றில், தேவாரம் பாடிய சுந்தரரின் வரலாறு சுவரோவியமாக விளங்குகிறது. ஓலையைக் காட்டி வழக்காடும் கிழவர், வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரர், குதிரைமேல் சேரமான் பெருமாள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். பிற்காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி என்ற அறிஞர் கண்டறிந்தார்.

நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவிலும் இப்படியொரு கூட்டு நிகழ்ந்தது. மறுமலர்ச்சிக் காலத்தின் தொடக்கம் அது. 1436 மார்ச் 25ஆம் நாள், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரப் பேராலயத்தைப் போப்பாண்டவர் அர்ச்சித்தார். அந்த நாளுக்கென டுஃபே என்னும் இசைப்புலவர் நான்கு குரல்களுக்கு ஒரு பாடல் அமைத்தார். நம் பஜனையில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். டுஃபேயின் பாடலிலோ ஒவ்வொரு குரலும் தன் தன் வழியே நடந்து, முடிவில் ஒன்றாய்க் கூடும்.

அதே ஆலயத்துக்காக, லூக்கா டெல்லா ரோபியா என்னும் சிற்பி 1431 முதல் 1438 வரை உழைத்துப் பாடும் பிள்ளைகளைப் பளிங்கில் செதுக்கினார். ஒரே ஏட்டை எட்டிப் பார்த்துப் பல பிள்ளைகள் வாய் திறந்து பாடும் காட்சியும் அதில் உண்டு. இன்று மேல்நாட்டு ஊர்களில் அக்காலப் பாடல்களைப் பாடுவோர், அக்கால ஓவியங்களையும் திரையில் காட்டிப் பாடுவதுண்டு.

இதெல்லாம் நமக்கு எட்டாத சங்கதி என்று எண்ண வேண்டாம். கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய ‘டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்’ இன்று பிரிக்பீல்ட்ஸில் இசையையும் நடனத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை விழாவில் ஆண்டுதோறும் சிறுவர்கள் பாடுகிறார்கள்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போனார்கள். மார்கழி விடியலில் பாடிவந்த பஜனைக் குழுக்களும் அவர்களோடு கலைந்தன. இப்போது பல கோயில்களில் ஒலிபெருக்கிதான் பாடுகிறது.

இராசராசன் கல்வெட்டில் இதற்கும் விடை இருக்கிறது. பாடுவோரில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருடைய உறவினர் அந்த இடத்தில் நின்று பாட வேண்டும்; அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை நிறுத்த வேண்டும். காலியான இடத்துக்கு ஆள் வேண்டும் என்பதை அன்றே எழுதி வைத்தார்கள்.

நம் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை போதும். சுந்தரர் யானைமேல் போகும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்டுங்கள். தாத்தா ஒருவர் கதையைச் சொல்லட்டும். பிறகு அவருடைய பதிகம் ஒன்றை எல்லாரும் சேர்ந்து பாடுங்கள். வகுப்பில் நான் கண்டது இது: வெறும் பாட்டென்றால் நெளியும் பிள்ளை, படத்தைக் கண்டதும் “யானைமேல் யார், சார்?” என்று எழுந்து கேட்கிறான். பதில் தெரிந்துகொண்டவன் பாடவும் செய்கிறான். தேவாலயத்துப் பாடற்குழு வைத்திருப்போரும் தங்கள் ஆலயத்துப் படங்களைக் கொண்டு இதைச் செய்யலாம்.

பெற்றோர்களே, பாட்டியின் பாட்டு பாட்டியோடு போய்விடக் கூடாது. அவர் உட்கார்ந்த இடத்தில் உங்கள் பிள்ளை ஒன்றை உட்கார வையுங்கள்.