அவசரப்பட்டு அழித்து விடாதீர்கள்!

வீட்டு விசேஷப் படங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் தோழிகளுக்கு உபயோகப்படும் என்பதால் இதை எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், கேட்டுத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் 2009லிருந்து எடுத்த படங்கள் 5,000க்கு மேல் இருந்தன. என் மாமனார் 2022ல் காலமாகி விட்டார். அவர் சிரித்த முகமெல்லாம் அதில்தான். 2024ல் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறதே என்று கடையில் கொடுத்தோம். கடைப் பையன் எல்லாப் படங்களையும் ஒரே ஜிப் ஃபைலாகச் சுருக்கி, ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து விட்டு, கம்ப்யூட்டரைப் பார்மட் செய்தான். போன வருடம் 2025ல் நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்துக்காக, தாத்தா கையைப் பிடித்துக் கொண்டு அவள் நிற்கும் படத்தைத் தேடினால், அந்த ஃபைல் திறக்கவே இல்லை. கடையில் கேட்டதற்கு, "கரப்ட் ஆயிடுச்சுக்கா, அழிச்சிடுங்க. இடமாவது மிச்சமாகும்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். என் மாமியார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாத்தனார் மகன் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். "அத்தை, நான் வர்ற வரைக்கும் அதை யாரும் தொடாதீங்க" என்று போனிலேயே சொல்லி விட்டான். வந்தவன் முதலில் செய்தது, கெட்டுப்போன அந்த ஃபைலை அப்படியே தன் லேப்டாப்பில் ஒரு காப்பி எடுத்ததுதான். என்ன முயற்சி செய்தாலும் அந்தக் காப்பியில்தான். மூலத்தில் கை வைக்கவே இல்லை.

ஜிப் ஃபைல் என்பது, சாமான்களை வரிசையாக மூட்டை கட்டி, என்னென்ன இருக்கிறது என்ற சீட்டைக் கடைசியில் சொருகி வைப்பது மாதிரியாம். காப்பி ஆகிக் கொண்டிருக்கும்போது பாதியில் நின்று போனால் அந்தச் சீட்டு வந்து சேராது. சீட்டு இல்லாததால் கம்ப்யூட்டர் மூட்டையைப் பிரிக்க மாட்டேன் என்கிறது. ஆனால் உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகவும் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். வின்ரார் என்ற சாப்ட்வேரில் 'ரிப்பேர்' என்று ஒன்று இருக்கிறது. அது அந்தப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் புதுச் சீட்டு எழுதிக் கொள்கிறது. 2017 வரைக்குமான படங்கள், 4,000 சொச்சம், பெயரோடு வந்து விட்டன. நிச்சயதார்த்தப் பெண்ணின் படமும் கிடைத்தது.

அதற்குப் பிறகுள்ளவை மூட்டைக்குள் வந்து சேரவே இல்லை. பழைய கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தும் பலனில்லை. ஒரு வருடமாக உபயோகித்ததில், பழையது இருந்த இடத்திலெல்லாம் புதியது ஏறி விட்டது. அப்போதுதான் பீரோவில் கிடந்த பழைய கேமரா என் ஞாபகத்துக்கு வந்தது. அதன் மெமரி கார்டில் படங்களை அழித்திருந்தோம். ஆனால் அழித்தால் உடனே போய் விடுவதில்லையாம். 'இந்த இடம் காலி' என்று குறித்துக் கொள்வதோடு சரி. புதுப்படம் ஏறும்வரை பழையது அடியிலேயே இருக்கும். போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேர், படம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கான அடையாளத்தை வைத்தே கண்டுபிடித்து எடுக்கிறது. கடைசியாக எடுத்த 300 படங்கள் வந்தன.

ஆனால் அதில் பெயர் போய் விடும். எல்லாம் வெறும் நம்பர்தான். இங்கே ஜெயித்தவர் என் மாமியார்! புடவையைப் பார்த்தே, "இது சின்னவ வளைகாப்பு, இது கிரகப்பிரவேசம்" என்று சொல்லச் சொல்ல, நாங்கள் நாலு சாயங்காலம் உட்கார்ந்து பெயர் போட்டோம். ஒரு வீடியோ பாதிதான் கிடைத்தது. மாமனார் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நின்று போகிறது. 2018ல் எடுத்தவை பெரும்பாலும் போயே போய் விட்டன.

நம் வீட்டில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 1998ல் அமெரிக்காவில் பிக்சார் கம்பெனி 'டாய் ஸ்டோரி 2' படத்தை எடுத்துக் கொண்டிருந்தபோது, தவறான கட்டளை ஒன்றால் படத்தின் ஃபைல்கள் அழிந்தன. காப்பியைத் தேடினால், அதுவும் சரியாகப் பதிவாகவில்லை. காலின் சஸ்மன் என்ற பெண் தொழில்நுட்ப அதிகாரி, கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால், அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டு போனார்களாம். இதைப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

தோழிகளே, பென் டிரைவைச் சொருகியதும் 'பார்மட் செய்யட்டுமா' என்று கேட்டால், 'சரி' என்று மட்டும் கொடுத்து விடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றி விடுங்கள். அது சாப்ட்வேரால் ஆகிற வேலை இல்லை. போட்டுப் பார்க்கப் பார்க்க இன்னும் கெடும். இப்போது வரும் எஸ்எஸ்டி வகையில் அழித்ததைத் திரும்ப எடுப்பதும் கஷ்டம். கடையில் காப்பி போட்டுத் தந்தால், வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, கடைசிப் படம் வரை பார்த்த பிறகே பார்மட் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் படங்கள் இப்போது ஜிப் போடாமல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று நாத்தனார் வீட்டில். அவர்கள் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வந்து, புதுப்படங்களை ஏற்றிக் கொண்டு போவதாக ஏற்பாடு.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.