போவதற்கு வழி உண்டு, திரும்புவதற்கு?

சென்ற ஆண்டு திருக்கனூரில் ஓர் இல்லத்தில் நடந்த முப்பதாம் நாள் செபத்திற்கு நாம் சென்றிருந்தோம். இறந்தவர் அவ்வூரில் அனைவராலும் மதிக்கப்பட்ட விவசாயி. மூத்த மகளைப் பிரான்சில் வாழும் புதுச்சேரி வம்சாவளி இளைஞர் ஒருவருக்கு மணமுடித்துக் கொடுத்திருந்தார். செபம் முடிந்து உறவினர்கள் திண்ணையில் அமர்ந்தபோது ஒரு முணுமுணுப்பு நம் செவியில் விழுந்தது. “பெற்ற தகப்பன் அடக்கத்துக்கு மகள் வரவில்லை. மருமகன் மட்டும் வந்து மண் போட்டுவிட்டுப் போனார். என்ன குடும்பமோ!”

உள்ளே இருந்த தாயின் கண்களில் அந்தச் சொல் தைத்ததை நாம் கண்டோம். அவர் நம்மை அழைத்து, மகள் அனுப்பியிருந்த கடிதங்களையும், அவற்றோடு இருந்த ஒரு பிரெஞ்சுத் தாளின் நகலையும் காட்டினார். அதைப் படித்த பிறகே உண்மை நமக்கு விளங்கியது. மருமகன் பிரெஞ்சுக் குடிமகன். சட்டத்தின் பார்வையில் இந்த மண்ணுக்கு அந்நியர். அவர் தடையின்றி வந்து போனார். மகளோ திருக்கனூரில் பிறந்த இந்தியக் குடிமகள். அவளால் தன் சொந்த ஊருக்கு வர இயலவில்லை. வந்திருந்தால், கணவனிடம் திரும்பிச் செல்ல அவள் கையில் தாள் இல்லை.

நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இன்று இத்தகைய நிலை இருப்பதால், இதனைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

ஒரே ஊர், இரண்டு குடியுரிமைகள்

மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த திருக்கனூரிலிருந்து சிறிது தூரம் நடந்தாலே தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். எல்லை என்பது இவ்வூர் மக்களுக்குப் புதிதன்று. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்டு 16 முதல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’ குடும்பங்கள் பல அவ்வாறு அறிவித்தன. ஆகவே ஒரே தெருவில், ஏன், ஒரே உறவுக்குள்ளும் இரண்டு குடியுரிமைகள் அமைந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வீடுகளுக்கு மாப்பிள்ளைகளாகவும் மருமகள்களாகவும் வருகின்றனர்.

பெண் பார்க்கும்போது நாம் குலம், குணம், கல்வி, வேலை அனைத்தையும் விசாரிக்கிறோம். திருமணத்திற்குப் பின் வரும் தாள்களைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே.

மூன்று தாள்கள்

பிரெஞ்சுக் குடிமகனை மணந்த இந்தியப் பெண், முதலில் நெடுங்கால விசாவில் பிரான்சு செல்கிறாள். அது ஓராண்டு வரை செல்லும். அங்குச் சேர்ந்த 3 மாதத்திற்குள் அதனை இணையத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு உறுதி செய்த விசா செல்லும் வரை அவள் ஊருக்கு வந்து போகலாம், தடையில்லை. அடுத்து வருவது பல ஆண்டு வதிவு அட்டை. திருமணமாகி 3 ஆண்டுகள் நிறைந்து, 3 ஆண்டுகள் சட்டப்படி அங்கு வதிந்து, கணவனும் மனைவியும் கூடி வாழ்ந்து வந்தால் 10 ஆண்டு வதிவு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஒரு தாள் முடிந்து மறுதாள் வருவதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் இடர் பிறக்கிறது. விசாவோ அட்டையோ காலாவதியாவதற்கு முன் 120ஆம் நாளுக்கும் 60ஆம் நாளுக்கும் இடையில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. விண்ணப்பித்தவுடன் கணினி ஓர் உறுதிச் சீட்டைத் தருகிறது. விண்ணப்பம் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அது வதிவு உரிமையையும் தராது. எல்லையில் காட்டவும் உதவாது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கையில் பழைய அட்டை முடிந்துவிட்டால், அலுவலகம் கால நீட்டிப்புச் சான்று ஒன்றைத் தரவேண்டும். புதுப்பித்தலுக்குரிய அந்தச் சான்றையோ, அதேபோன்ற ‘ரெசெப்பிசே’ என்னும் பற்றுச் சீட்டையோ காலாவதியான அட்டையுடன் சேர்த்துக் காட்டினால் பிரான்சுக்குத் திரும்பலாம். ஆனால் முதன்முறை அட்டை கேட்போருக்குத் தரப்படும் ரெசெப்பிசே அத்தகையது அன்று. முதல் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கையில் தரப்படும் தற்காலிக அனுமதி, ஷெங்கன் நாடுகளுக்குள் மீண்டும் நுழையும் உரிமையைத் தராது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூன் 14 அன்று தீர்ப்பளித்தது.

திருக்கனூர் மகள் செய்த பிழை ஒன்றே. விசா முடிய மூன்று வாரம் இருக்கையில்தான் விண்ணப்பித்தாள். கையில் கிடைத்தது உறுதிச் சீட்டு மட்டும். நீட்டிப்புச் சான்று வருமுன் தந்தை கண்மூடினார். இரவெல்லாம் அழுதவள், விடியற்காலையில் கணவனிடம், “நீங்கள் போய் அப்பாவுக்கு மண் போடுங்கள். நான் வந்தால் திரும்புவது எப்போதோ தெரியாது. கைக்குழந்தையை விட்டு எப்படி வருவேன்?” என்றாளாம். குழந்தைக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கான ஏற்பாடும் அதுவரை முடியவில்லை.

இத்தகைய துயர வேளையில் மருத்துவச் சான்றையோ இறப்புச் சான்றையோ இணைத்து, வதிவு அட்டை அலுவலகத்தில் அவசர மனு கொடுக்கலாம். இந்தியாவுக்கு வந்து சிக்கிக்கொண்டவர் பிரெஞ்சுத் தூதரகத்தில் திரும்பும் விசா கேட்கலாம். இரண்டும் மனுக்களே; உரிமை அல்ல. எத்தனை நாளில் பதில் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது.

பிற நாடுகளிலும் இதே கதை

பிரான்சில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நிரந்தர வதிவு அட்டைக்கு விண்ணப்பித்த துணைவர், ‘அட்வான்ஸ் பரோல்’ என்னும் முன் அனுமதி பெறாமல் நாட்டைவிட்டு வெளியேறினால், சில வகை வேலை விசாக்காரர்களைத் தவிர மற்றவர்களின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். பிரித்தானியாவுக்குள்ளிருந்து விண்ணப்பித்தவர், அயர்லாந்து முதலிய பொதுப் பயணப் பகுதிக்கு வெளியே சென்றால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். ஆஸ்திரேலியாவில் இடைக்கால ‘ஏ’ விசா வைத்திருப்பவர் வெளியே சென்றால் அது முடிந்துவிடும். திரும்பி வர ‘பி’ விசாவை முன்னரே பெற வேண்டும். நாடுகள் வேறு, தாள்களின் பெயர்கள் வேறு. உள்ளே இருப்பதற்கு ஓர் அனுமதி, மீண்டும் உள்ளே வருவதற்கு வேறோர் அனுமதி என்பதுதான் எங்கும் அடிப்படை.

நம் மண்ணில் வெளிநாட்டுத் துணைவர்

நம் வீட்டுக்கு வரும் வெளிநாட்டு மருமகனுக்கும் மருமகளுக்கும் நம் நாட்டிலும் விதிகள் உண்டு. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், திருமணம் பதிவாகி 2 ஆண்டுகள் தொடர்ந்து நிலைத்திருந்தால், ‘ஓ.சி.ஐ.’ எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இது வாழ்நாள் முழுவதற்குமான விசாவாக அமையும். புதுச்சேரி வம்சாவளிப் பிரெஞ்சுக் குடிமக்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1947 ஆகஸ்டு 15க்குப் பின் இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சார்ந்தவர்களும் அவர்களின் வழிவந்தோரும் இந்த அட்டை பெறலாம் என்று குடியுரிமைச் சட்டம் கூறுகிறது. திருக்கனூர் மருமகன் இந்த அட்டையுடன்தான் இரண்டே நாளில் வந்து சேர்ந்தார்.

அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கோ, அந்த விண்ணப்பம் நுழைவு உரிமை ஆகாது. செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசா கையில் இருக்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்து தங்குவோர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வெளிநாட்டவரைத் தங்க வைக்கும் விடுதியே அன்றி வீட்டாரும் 24 மணி நேரத்திற்குள் அதனை அறிவிக்க வேண்டும். இது நெடுங்காலமாக ‘சி படிவம்’ என்று வழங்கிவந்தது. “எம் மருமகன் எமக்கு அந்நியரா?” என்று கேட்கத் தோன்றும். உறவுக்கு அந்நியர் அல்லர், பதிவேட்டுக்கு அந்நியரே.

பெற்றோர் கவனத்திற்கு

திருமணம் பேசும்போதே சில காரியங்களைச் செய்துகொள்வது நலம். ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும். நம் வழக்கத்தில் தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கும். பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று வேண்டும். இதனால் மாதக்கணக்கில் அலைந்தவர்களை நாம் அறிவோம். கோவில் பதிவேட்டுச் சான்று மட்டும் போதாது. அரசுப் பதிவாளரின் சான்றும், பிரெஞ்சுத் தூதரகப் பதிவேட்டில் திருமணம் ஏறியிருப்பதும் அவசியம்.

அடுத்து, மகளும் மருமகனும் இன்ன மாதம் வரவேண்டும் என்று நாள் குறிக்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: “எந்தத் தாளைக் காட்டித் திரும்புவீர்கள்?” இதற்குத் தெளிவான விடை வராவிடில் தங்கையின் திருமணமோ புதுவீட்டு மந்திரிப்போ சற்றுத் தள்ளிப்போகட்டும். வற்புறுத்தி வரவழைத்து, கணவன் அங்கும் மனைவி இங்குமாக மாதங்கள் கழிய நாமே காரணமாகலாகாது. கணவனும் மனைவியும் கூடி வாழ்வது அவர்களின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் (விதி 1151) கூறுகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, வராதவரைத் தீர்ப்பிட வேண்டாம். ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்குச் சென்ற சூசையப்பரும், திரும்பும் வேளை அறிவிக்கப்படும் வரை அந்நிய மண்ணிலேயே காத்திருந்தார். அவருக்கும் நாசரேத்தில் உறவினர் இருந்திருப்பர். அவர்களும் ஏதோ பேசியிருப்பர்.

அன்று திண்ணையில் நாம் அந்தத் தாளை விளக்கிச் சொன்னோம். முணுமுணுத்த பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் எழுந்து உள்ளே சென்று, “தங்கச்சி, தெரியாமல் பேசிவிட்டேன்; மனதில் வைத்துக்கொள்ளாதே” என்றார்.

மகளின் அட்டை மூன்று மாதம் கழித்து வந்தது. ஆண்டுப் பூசைக்குக் கணவனும் மனைவியும் குழந்தையோடு ஒன்றாக வந்தனர். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நெடுநேரம் நின்றிருந்த அவளிடம், “வா அம்மா, போகலாம்” என்றார் தாய். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் அம்மா. இம்முறை அவசரம் இல்லை” என்றாள் அவள்.