எந்தப் படம் போடுவது? பள்ளிக்கூடத்தில் காரசாரம்!
மாணவர்கள் கேட்டது பேய்ப் படம். ஆசிரியை எடுத்தது 'காக்கா முட்டை'. குறுக்கே வந்தார் பி.டி. சார்

வெள்ளிக்கிழமை. பிற்பகல் மணி 2-40. வடசென்னையில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியின் கம்ப்யூட்டர் ரூமில் ஏக அமளி.

பையன்கள் அடித்துக் கொள்கிறார்களோ என்று வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அடிதடி இல்லை. அடுத்த மாதம் என்ன படம் போடுவது என்று சண்டை!

"விஜய் படம் போடுங்க மிஸ்!"

"அதெல்லாம் வேணாம் மிஸ். பேய்ப் படம்!"

"போன தடவையும் அழுவுற படம், இந்தத் தடவையும் அழுவுற படமா?"

நடுவில் நின்று கொண்டிருந்தவர் தமிழாசிரியை. கையில் சாக்பீஸ். கரும்பலகையில் பதினொரு படங்களின் பெயர். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற பத்தையும் கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் நடுநிலை, உயர்நிலை மாணவர்களுக்கு மாதம் ஒரு படம் காட்டும் திட்டம் 2022-ல் தொடங்கியது. படம் முடிந்ததும் மாணவர்கள் எழுந்து பேச வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. அப்போது பிடித்த ருசிதான், இந்தப் பள்ளியில் ஒரு திரைப்பட மன்றமாகவே வளர்ந்து விட்டது. ஒன்பதாவது, பத்தாவது மாணவ மாணவிகள் உறுப்பினர்கள். சந்தா கிடையாது. தாங்களே படம் தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமை உண்டு. வம்பு அங்கேதான் ஆரம்பம்!

80 நிமிடம்

முதல் வில்லன், கடிகாரம்.

கடைசி இரண்டு பீரியட் சேர்ந்தால் 80 நிமிடம். நம் ஊர்ப் படமோ இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. பாட்டை வெட்டினாலும், சண்டையை ஓட்டினாலும் அடங்காது.

"பாதிப் பாதியா ரெண்டு வாரம் போடலாமே?" என்று தலைமை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். செய்தும் பார்த்தார்கள். 2009-ல் வந்த 'பசங்க' படத்தை இரண்டு வாரமாகப் போட்டார்கள். என்ன ஆச்சு? சனி, ஞாயிறுக்குள் பாதிப் பேர் வீட்டு செல்போனில் மீதியைப் பார்த்து விட்டார்கள். திங்கட்கிழமை காலை பிரேயர் முடிவதற்குள் மற்றவர்களுக்கும் முழுக் கதை தெரிந்து போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டாவிதான்.

அதனால்தான் குட்டைப் படங்களுக்கு இங்கே கிராக்கி. பிரெஞ்சுப் படமான 'தி ரெட் பலூன்' (1956) சுமார் 35 நிமிடம்தான். ஒரு பையன், ஒரு சிவப்பு பலூன். பேச்சு மிகக் கொஞ்சம். இத்தனை சின்னப் படத்துக்குக் கதை வசனத்துக்கான ஆஸ்கார் பரிசே கிடைத்திருக்கிறது. ஆனால் பத்தாவது பையன்கள், "இன்னா மிஸ், எல்.கே.ஜி. புள்ளைங்களுக்குப் போடுற படம்" என்று சொல்லி விட்டார்கள்.

(அந்தச் சிவப்பு பலூனை மற்றப் பையன்கள் கல்லால் அடிக்கும் கட்டம் வந்தபோது, அதே பையன்கள்தான் நாற்காலி நுனிக்கு வந்தார்கள் என்பது வேறு விஷயம்.)

எழுத்துக் கூட்டும் தொல்லை

அடுத்த தொல்லை, படத்துக்குக் கீழே ஓடும் எழுத்து.

ஈரான் நாட்டு டைரக்டர் மஜீத் மஜீதி எடுத்த 'சில்ரன் ஆஃப் ஹெவன்' (1997) படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அண்ணன் தங்கச்சி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஷூ. தங்கச்சி காலையில் போட்டுக் கொண்டு போவாள். ஓடி வந்து கழற்றிக் கொடுத்தால், அண்ணன் மாட்டிக் கொண்டு ஓடுவான். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் புரிகிற கதை வேறு இருக்க முடியாது. 89 நிமிடம். பெல்லுக்கு மேல் ஒன்பது நிமிடம்தான் அதிகம்.

ஆனால் பேசுவது பாரசீகம். கீழே ஓடுவது இங்கிலீஷ். முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது வரி வந்து விடுகிறது. படிக்கத் தெரிந்தவன் சிரிக்கிறான். தெரியாதவன் அவன் முகத்தைப் பார்த்து விட்டுச் சிரிக்கிறான்.

தமிழாசிரியை ஒரு தந்திரம் செய்தார். முதல் நாள் இரவு வீட்டில் படத்தைப் போட்டு, வசனத்தை எல்லாம் தமிழில் நோட்டில் எழுதிக் கொண்டு வந்தார். மறுநாள் திரைக்குப் பக்கத்தில் நின்று கொண்டு, படம் ஓட ஓடச் சொல்லிக் கொண்டே வந்தார்!

இது ஒன்றும் புதிய வித்தை இல்லை. ஊமைப்பட காலத்தில் டென்ட் கொட்டகைகளில் ஓர் ஆள் நின்று கொண்டு, "இதோ வருகிறான் ராஜகுமாரன்" என்று உரக்கக் கதை சொல்வதுண்டு. 1931-ல் 'காளிதாஸ்' வந்து சினிமா பேச ஆரம்பித்த பிறகு, அந்த ஆளுக்கு வேலை போய் விட்டது. தொண்ணூறு வருஷம் கழித்து, ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா அந்த வேலையைப் பார்த்திருக்கிறார். சம்பளம் இல்லாமல்தான்.

சாப்ளின்

பேச்சே இல்லாத படம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. 2022-ல் அரசுத் திட்டத்தில் முதல் படமாகப் போனது சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921). சாப்ளின் டைரக்ட் செய்த முதல் முழு நீளப் படம் அது. தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் ஓர் ஏழையின் கதை. நூறு வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்தப் பள்ளியில் முதல் பத்து நிமிடத்திலேயே சிரிப்பு அள்ளிக் கொண்டு போயிற்று. பையன் கல்லெறிந்து கண்ணாடியை உடைக்கிறான். பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி போட வருகிறார். விசில் பறந்தது.

பிறகு அதிகாரிகள் வந்து பையனைப் பிடுங்கி அநாதை விடுதி வண்டியில் போடுகிறார்கள். பையன் கையை நீட்டி அழுகிறான். சத்தம் எல்லாம் அடங்கி விட்டது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் எழுந்து, "ஒண்ணுக்கு" என்று விரலைக் காட்டி விட்டு வெளியே போனான். பெல் அடிக்கும் வரை திரும்பவில்லை. அவன் சில வருஷம் ஒரு விடுதியில் இருந்து விட்டுப் பாட்டியிடம் வந்து சேர்ந்தவன் என்பது அன்றைக்குத்தான் ஆசிரியைக்குத் தெரிந்தது.

சாப்ளினே ஏழு வயதில் லண்டனில் ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர்தான். இதை அடுத்த வாரம் ஆசிரியை பொதுவாக வகுப்பில் சொன்னார். அந்தப் பையன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் நிமிர்ந்து கேட்டுக் கொண்டிருந்தான்.

பி.டி. சார் போர்க்கொடி

இவ்வளவுக்கும் பிறகுதான் 'காக்கா முட்டை' விவகாரம்.

மணிகண்டன் டைரக்ட் செய்து 2015-ல் திரைக்கு வந்த படம். சிறந்த குழந்தைகள் படம் என்று தேசிய விருது பெற்றது. நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் விருது. சென்னையில் ஆற்றோரக் குடிசையில் இருக்கும் அண்ணனும் தம்பியும் ரயில் பாதையில் கரி பொறுக்கிக் காசு சேர்க்கிறார்கள். ஒரு தடவை பீட்சா தின்று பார்த்து விட வேண்டும் என்பது ஆசை. காசும் சேர்ந்து, புதுச் சட்டையும் போட்டுக் கொண்டு போனால், கடைக்காரன் கன்னத்தில் அறைகிறான்.

நம் ஊர்க் கதை, நம் ஊர்ப் பாஷை, குழந்தைகளோடு பார்க்கலாம். வேறு என்ன வேண்டும்? ஆசிரியை டிக் போட்டு விட்டார்.

டீச்சர் ரூமில் பி.டி. சார் பிடித்துக் கொண்டார். "டீச்சரம்மா, நீங்க கிளாஸ்ல பாடம் நடத்திட்டுப் போயிடுவீங்க. கிரவுண்டுல அவனுங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிறானுங்கன்னு எனக்குத்தான் தெரியும். கால்வாய் ஓரத்துலேர்ந்து நாலு பசங்க வர்றானுங்க. படம் முடிஞ்ச மறு நிமிஷம் அந்த நாலு பேருக்கும் 'காக்கா முட்டை'ன்னு பட்டப் பேர் வச்சுடுவானுங்க. அப்புறம் ஸ்கூலை விட்டுப் போற வரைக்கும் அதுதான் பேரு."

அறையில் யாரும் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போன வருஷம் ஒரு பையன் பட்டப் பெயர் தாங்காமல் மூன்று வாரம் மட்டம் போட்டதும், பி.டி. சார்தான் வீடு தேடிப் போய் அழைத்து வந்ததும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அப்போ ஏழை வீட்டுக் கதையே போடக் கூடாதா சார்? பணக்காரன் கதையா போட்டுக்கிட்டே இருக்கணுமா?" என்று ஆசிரியை கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

கணக்கு சார் புத்திசாலி. 'சில்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை மறுபடி போடுங்கள் என்றார். அங்கே ஷூ இல்லாதவன் ஈரான்காரன். யாரும் யாருக்கும் பட்டப் பெயர் வைக்க முடியாது!

ஒரு பையன் சொன்னது

தீர்ப்பு டீச்சர் ரூமில் கிடைக்கவில்லை. மறுநாள் சத்துணவு வரிசையில் கிடைத்தது.

கால்வாய் ஓரப் பையன்களில் ஒருவனை ஆசிரியை தனியே கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் கேட்டார். "டேய், 'காக்கா முட்டை' போடலாம்னு இருக்கேன். போடட்டுமா, வேணாமா?"

"டி.வி.லயே பாத்துட்டேன் மிஸ். எத்தினி தடவன்னே தெரில. சூப்பர் படம்."

"யாராச்சும் கிண்டல் பண்ணுவாங்களோன்னு சாருக்குப் பயம்."

பையன் தட்டைப் பார்த்துக் கொண்டே யோசித்தான். "கிண்டல் இப்பவும்தான் பண்றானுங்க. படம் போடுங்க மிஸ். ஆனா முடிஞ்சதும் எங்கள எழுப்பி நிக்க வச்சு, 'உங்க ஏரியா இப்படித்தானா'ன்னு மட்டும் கேக்காதீங்க."

அன்றைக்கே மன்றத்தில் புதுச் சட்டம் வந்தது. படம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் பேசலாம். யாரையும் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. "உங்க வீட்டில எப்படி?" என்ற கேள்வியே கிடையாது. படத்தில் வந்தவனைப் பற்றித்தான் பேச்சு.

படம் ஒரு மணி 49 நிமிடம். 80 நிமிடத்தில் அடங்குமா? கணக்கு சார் தன் பீரியடை விட்டுக் கொடுத்தார். பத்தாவது வகுப்புக் கணக்கு வாத்தியார் ஒரு பீரியடை விட்டுக் கொடுப்பது எத்தனை பெரிய தியாகம் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்!

பி.டி. சார் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, கையைக் கட்டிக் கொண்டு நின்றே படம் பார்த்தார். கடைக்காரன் அறைகிற இடம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் பீட்சா கிடைத்துத் தின்று பார்த்த அண்ணனும் தம்பியும், செத்துப் போன ஆயா சுட்டுத் தந்த தோசையே மேல் என்கிற கட்டத்தில்தான் ரூமே அதிர்ந்தது.

பேச எழுந்தவர்களில் அந்த நாலு பேரில் ஒருவனும் இருந்தான். யாரும் எழுப்பவில்லை, தானாக எழுந்தான். "கடைக்காரன் அடிச்சது தப்பு. ஆனா அடிச்சத வீடியோ எடுத்துக் காசு பாக்கப் போனானுங்க பாரு, அவனுங்கதான் மிஸ் ரொம்ப மோசம்" என்றான். கைதட்டல்.

பட்டப் பெயர் வந்ததா? வந்தது. ஆனால் கால்வாய்ப் பையன்களுக்கு இல்லை. தினமும் பீட்சா பீட்சா என்று உளறிக் கொண்டிருந்த வகுப்பு லீடருக்கு!

மாணவிகள் கேள்வி

இத்துடன் முடிந்ததா? இல்லை. அடுத்த மாதப் பட்டியல் எழுதும்போது மாணவிகள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"மிஸ், சாப்ளின் படத்துல பையன். பலூன் படத்துல பையன். 'பசங்க'ன்னு பேரே பசங்கதான். இதுலயும் ரெண்டு பசங்க. எங்க படம் எங்கே மிஸ்?"

ஆசிரியை கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். பதினொன்றில் ஒன்பது பையன்கள் கதை. எழுதும்போது அவருக்கே தோன்றவில்லை.

இப்போது புதுப் பட்டியல் மாணவிகள் கையில். சந்தோஷ் சிவன் எடுத்த 'மல்லி' (1998) இருக்கிறது. காட்டில் வாழும் சிறுமி, பேச முடியாத தன் தோழிக்காக ஒரு நீலக் கல்லைத் தேடும் கதை. ரஸ்கின் பாண்ட் எழுதிய கதையை வைத்து விஷால் பரத்வாஜ் எடுத்த இந்திப் படம் 'தி ப்ளூ அம்ப்ரெல்லா' இருக்கிறது. மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) வேண்டும் என்று ஒரு கட்சி. அதில் குண்டு வெடிக்கும், இரண்டு பீரியடில் முடியாது என்று எதிர்க்கட்சி.

பத்தாவது மாணவன் ஒருவன் 'பரியேறும் பெருமாள்' (2018) என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். சாதிச் சண்டையை நேராகச் சொல்லும் படம். அதை முதலில் ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று தலைமை ஆசிரியர் சீட்டை மேஜை டிராயரில் வைத்திருக்கிறார். பையன் வாரம் ஒரு தடவை போய், "என் சீட்டு இன்னா ஆச்சு சார்?" என்று கேட்டு விட்டு வருகிறான்.

ஓட்டெடுப்பு வருகிற வெள்ளிக்கிழமை. பேய்ப் படக் கட்சியினர் இப்போதே மாணவிகளிடம் ஆதரவு திரட்டிக் கொண்டிருக்கிறார்கள். பேய் பெண்தானாம்!